ஐ.பி.எஸ். வயிறும் நம் மெஸ் சாப்பாடும்

ஐ.பி.எஸ். என்றதும் உங்களுக்குத் தொப்பியும் லத்தியும் ஞாபகம் வரும். எங்க அப்பாவுக்கும் அதுதான் வந்தது, பாவம்! நான் சொல்லப்போவது வேறு ஐ.பி.எஸ். இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்கிற குடல் தொல்லை.

வயிற்று வலி, உப்புசம். சிலருக்கு அடிக்கடி பேதி, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. ஸ்கேன் எடுத்தால் புண்ணோ கட்டியோ ஒன்றும் தெரியாது. அதனால்தான் "சும்மா நடிக்கிறான்டா" என்ற பட்டம் கிடைக்கிறது. உண்மையில் குடல் நரம்புகளின் கூச்சம் அதிகமாகிவிடுகிறது. மற்றவர்கள் உணராத கொஞ்சம் வாயுகூட நமக்கு வலியாகத் தெரியும். பரீட்சை பயம் சேர்ந்தால் இன்னும் கூடும்.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பிராக்டிகல் நடுவில் மூன்று தடவை வெளியே ஓடினால் மார்க் என்ன ஆகும்? வீட்டிலோ, "ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னா படிப்பை விட்டுட்டு வந்துடு" என்கிறார்கள். எனவே இந்த வயிற்றைப் புரிந்துகொண்டே ஆகவேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் சில சர்க்கரை வகைகளுக்கு 'ஃபாட்மேப்' என்று பெயர் வைத்தார்கள். இவை சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே பாக்டீரியா அவற்றை நொதிக்கவைத்து வாயு உண்டாக்குகிறது. கோதுமை, வெங்காயம், பூண்டில் இருப்பது ஃபிரக்டான். கொண்டைக்கடலையிலும் ராஜ்மாவிலும் ஒரு வகை, பாலில் லாக்டோஸ், காலிஃபிளவரில் இன்னொன்று. பூரியும் சென்னாவும் போடும் நாளை நினைத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே தட்டில்!

சாம்பாரில் கிடக்கும் வெங்காயத்தைப் பொறுக்கி ஓரமாக வைத்தால் போதும் என்று நண்பர்கள் சிலர் நினைக்கிறார்கள். ஃபிரக்டான் தண்ணீரில் கரையும். கொதிக்கும்போதே சாம்பாரில் இறங்கிவிடும். ஆனால் எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் வரும்.

சரி, எதைத்தான் சாப்பிடுவது? சோறு இருக்கும்வரை நமக்குக் கவலையில்லை. அரிசியில் இந்தச் சர்க்கரைகள் அநேகமாக இல்லை. இடியாப்பமும் அப்படியே. இட்லி பலருக்கு ஒத்துக்கொள்கிறது. கேரட், கத்தரி, வெண்டை, வெள்ளரி அளவாகச் சாப்பிடலாம். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தைவிட அதிகம் கனியாதது நல்லது. மிளகாய்க் காரமும் அடுக்கடுக்காகக் குடிக்கும் டீயும் தனி எதிரிகள். நார்ச்சத்து வேண்டுமென்று கோதுமைத் தவிட்டைத் தின்றால் உப்புசம் கூடலாம். இசப்கோல் உமியை நிறையத் தண்ணீரோடு குடிப்பது மேல்.

முக்கியமான விஷயம், இவ்வளவையும் ஆயுசுக்கும் விடச்சொல்லவில்லை. ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தால் லேபில் என்ன செய்வோம்? எல்லா லோடையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்போம். இதுவும் அதேதான். 4 முதல் 6 வாரம் விலக்கிவிட்டு, பிறகு ஒரு வகையை மட்டும் 3 நாள், அளவைக் கூட்டிக்கூட்டிச் சாப்பிட்டுப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். என் நோட்டுப்படி பால் டீ நிரபராதி! ஒரு சப்பாத்தி பரவாயில்லை, மூன்று ஆகாது. வெங்காயம்தான் முதல் குற்றவாளி. உங்கள் வயிற்றுக்கு வேறு ஆள் சிக்கலாம். எல்லாவற்றையும் நெடுநாள் ஒதுக்கினால் சத்தும் குறையும், குடலின் நல்ல பாக்டீரியாவும் குறையும். அரசு மருத்துவமனையில் உணவு ஆலோசகர் இருந்தால் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் அது ஐ.பி.எஸ். என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.

நம் மெஸ் மாஸ்டர் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். வெந்த காயை வெங்காயத் தாளிப்பில் கொட்டுவதற்கு முன் ஒரு கரண்டி தனியே எடுத்து வைக்கிறார். மிளகும் தேங்காய்ப்பூவும் தூவினால் ருசியாகவே இருக்கிறது. வேறு யாருக்காவது வேண்டுமென்றால் காலை 10 மணிக்குள் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு கடாயில் வெங்காயம் விழுந்துவிடும்.