கணவர் பெயரில் வந்த படங்கள்

புதுதில்லி: செங்கோட்டையில் 1947 ஆகஸ்ட் 16-ஆம் தேதி தேசியக் கொடி ஏற்றப்பட்டதைப் படமெடுத்தவர்களில் புடவை அணிந்த பெண்ணும் ஒருவர். அவர், நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா.

குஜராத்தின் நவசாரியில் 1913-இல் பிறந்த அவருக்கு இக்கலையைக் கற்பித்தவர், பின்னாளில் கணவரான மானெக்‌ஷா. தொடக்க காலப் படங்கள் அவர் பெயரிலேயே வெளியாயின. 1942-இல் தில்லிக்கு வந்தபின் நேரு, மவுண்ட்பேட்டன் எனப் பலரையும் படமெடுத்து ஹோமாய் தம் பெயரை நிலைநாட்டினார்.

காந்திஜி சுடப்பட்ட 1948 ஜனவரி 30 அன்று பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் புறப்பட்டவரைக் கணவர் திரும்ப அழைத்துக்கொண்டார். எடுக்கத் தவறிய அந்தப் படம் குறித்து அவர் பின்னாளில் வருந்தினார்.

புதியவர்களின் ஒழுங்கின்மை பிடிக்காமல் 1970-இல் தொழிலிலிருந்து விலகினார். 41 ஆண்டுகள் கழித்து, 2011-இல் பத்மவிபூஷண் வழங்கப்பட்டது. மறு ஆண்டு ஜனவரியில், 98-ஆம் வயதில், வதோதராவில் காலமானார்.