வைரலான சிறுமி, வளர்ந்த வீராங்கனை: நடுவில் நடந்தது என்ன?

மாமல்லபுரத்து மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த கமலி மூர்த்தி வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் சறுக்கும் படத்தை, அந்த விளையாட்டின் உலகப் பிரபலமான அமெரிக்கர் டோனி ஹாக் தன் சமூக வலைதளப் பக்கத்தில் பகிர்ந்தார். பள்ளிச் சிறுமி ஒருத்தி கண்டங்கள் தாண்டி அறியப்பட அந்த ஒரு பகிர்வு போதுமானதாக இருந்தது. அவளையும், கடற்கரையில் சிறு வியாபாரம் செய்து தனியாளாக அவளை வளர்த்த தாயையும் மையமாக வைத்து சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ என்ற ஆவணக் குறும்படம் 2019இல் அட்லாண்டா திரைப்பட விழாவில் விருது பெற்றது. 2020இல் பிரிட்டனின் பாஃப்டா குறும்படப் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பிடித்தது. அப்போது அவளுக்குப் பத்து வயதை ஒட்டிய பருவம். இன்று இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் இறங்கும் பிள்ளைகளும், அவர்களை இறக்கிவிடும் பெற்றோரும் எந்த இடத்தை எட்ட ஆசைப்படுகிறார்களோ, அந்த இடத்தை அவள் கேட்காமலே எட்டிவிட்டாள். அதனால்தான் அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் நடந்ததைக் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. படம் பரவியது ஒரு கதை. அவள் வளர்ந்தது வேறொரு கதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கான ஆபத்து இருக்கிறது.

முதலில் படம் பரவியதன் தன்மையைப் பார்ப்போம். 2020இல் ‘கமலி’ போட்டியிட்ட அதே பிரிவில் பாஃப்டாவை வென்றதும் ஸ்கேட்போர்டு பற்றிய படம்தான். காபூல் நகரத்துச் சிறுமிகள் போருக்கு நடுவே அதைப் பழகுவதைச் சொன்ன படம் அது. இரண்டுமே நேர்மையாக எடுக்கப்பட்ட படங்கள். அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரே ஆண்டில், ஐந்தே படங்கள் கொண்ட பட்டியலில் இரண்டு படங்கள் இப்படி அமைந்தன என்பது ஒன்றை உணர்த்துகிறது. உலகத்தின் கண் தேடியது கமலி என்ற தனி ஒருத்தியை மட்டுமல்ல. வசதியில்லாத ஊர், கட்டுப்பாடுகளுக்கு நடுவே ஒரு பெண் குழந்தை, காலடியில் ஒரு பலகை என்ற காட்சி வகையையும் அது தேடியது. அந்த வகைக்கு நாளை வேறொரு ஊரிலிருந்து வேறொரு முகம் கிடைக்கும். ஒரு காட்சி மனத்தைத் தொடுவதால் கிடைக்கும் கவனத்தில், காட்சியில் இருப்பவருக்கு உள்ள பிடி மிகக் குறைவு. எடுத்தவர் வேறு, பகிர்ந்தவர் வேறு, விளம்பர வருமானம் சேரும் நிறுவனம் வேறு. படத்தில் இருப்பவர் வளர்ந்து, முகம் மாறி, பதின்ம வயதுக்குள் நுழையும்போது அந்தக் காட்சியின் ஈர்ப்பும் குறைந்துவிடும்.

கமலி வளர்ந்த கதை தண்ணீரில் நடந்தது. ஸ்கேட்போர்டிலிருந்து கடல் அலைப்பலகைக்கு, அதாவது சர்ஃபிங்குக்கு அவள் நகர்ந்தாள். 2024இல் மங்களூரு அருகே நடந்த இந்திய ஓப்பன் சர்ஃபிங் போட்டியில் பெண்கள் பிரிவில் பட்டம் வென்றாள். அதே ஆண்டு மாலத்தீவில் நடந்த ஆசிய சர்ஃபிங் போட்டியில், அணிப் பிரிவில் வெள்ளி வென்ற நான்கு பேர் கொண்ட இந்திய அணியில் அஜீஷ் அலி, ஸ்ரீகாந்த், சஞ்சய் செல்வமணி ஆகியோருடன் அவளும் இருந்தாள். 2026இல் ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சர்ஃபிங் முதல்முறையாகச் சேர்க்கப்பட, அதில் இந்தியாவுக்கு இடம் கிடைத்ததும் மாலத்தீவிலிருந்துதான். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டி முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தபோது, அது நடந்த இடம் அவள் பிறந்து வளர்ந்த மாமல்லபுரம். அங்கே கேரளத்துக் கோவளத்தில் வளர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

இந்த வளர்ச்சிக்கு அடியில் இருந்த மண் எது? செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மெல்ல உருவான ஏற்பாடுகள்தான். நம் கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர், தானே அலையேறக் கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012இல் அது முறையான சர்ஃபிங் பள்ளியாக வளர்ந்தது. மாமல்லபுரத்திலும் ஊர் இளைஞர்களே பயிற்சியாளர்களாகவும் உயிர்காப்பாளர்களாகவும் ஆனார்கள். கோவளம் கடற்கரை, தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கான நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்றது. மாநில சர்ஃபிங் சங்கமும் தமிழ்நாடு அரசும் கைகோத்ததால், 2023 ஆகஸ்டில் உலக சர்ஃபிங் லீக்கின் தகுதிப் போட்டி ஒன்று மாமல்லபுரத்துக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் முந்தையது ஒன்று உண்டு: இந்தக் கரையோர மக்களின் கடலறிவு. சென்னையை ஒட்டிய மீனவர்கள் தெண்டி, வன்னி என்று பெயரிட்டு நீரோட்டங்களைப் பிரித்து அறிகிறார்கள். அந்த அறிவு வீட்டிலேயே புழங்கும் இடத்தில் பிறந்த பிள்ளைக்கு, எந்த அலையை விட வேண்டும், எதை ஏற வேண்டும் என்பதைக் கற்பது அந்நியமான பாடமாக இருக்காது. ஒரே அலையை நூறு முறை தவறவிட்டு நூற்றோராவது முறை பிடிக்கும் உழைப்பு ஒரு ரீல்ஸில் அடங்காது. ஆனால் பட்டம் வந்தது அந்த உழைப்பிலிருந்துதான்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். அந்தப் படம் பரவாமல் இருந்திருந்தால் இந்தச் சிறுமியை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? பலகையும் பயிற்சியும் பயணமும் எங்கிருந்து வந்திருக்கும்? இதில் உண்மை இருக்கிறது. கவனம் கதவைத் திறக்கும். குறிப்பாக, பெண் பிள்ளை கடலில் விளையாடுவதைத் தயக்கத்தோடு பார்த்த சுற்றத்தாரின் மனம் இளகுவதற்கு வெளியுலகப் பாராட்டு உதவியிருக்கும். ஆனால் மாலத்தீவில் அவளோடு நின்ற மற்ற மூவரையும் பாருங்கள். உலகம் சுற்றிய படம் எதுவும் அவர்களுக்கு முன்னால் ஓடவில்லை; போட்டி முடிவுகள் வழியாகவே நாடு அவர்களை அறிந்தது. கவனம் இருந்தும் கரையில் பயிற்சி இல்லாத ஒருவருக்கு அந்தப் பதக்கம் கிடைத்திருக்க வழியில்லை. பயிற்சி இருந்து கவனம் இல்லாதவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. எது இன்றியமையாதது, எது கூடுதல் பலம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுமா?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சமூக வலைதளமே இன்று ஒரு தொழில். சங்கங்களின் தயவும் அரசின் பரிசும் இல்லாமல், ஒரு செல்போனை வைத்துக்கொண்டு ஏழை வீட்டுப் பிள்ளையும் முன்னேறலாம் என்பார்கள். அந்தத் தொழிலின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் காணொளிகளுக்கு ஒரு கோடிப் பார்வைகள் வேண்டும். அதைத் தாண்டினாலும் நீண்ட காணொளியில் 55 விழுக்காடும், ஷார்ட்ஸில் ஒதுக்கப்படும் தொகையில் 45 விழுக்காடும்தான் படைப்பாளிக்கு. ஆகவே பெரும்பாலோர் நம்புவது விளம்பரதாரர் தரும் பணத்தையும் ‘கொலாப்’ என்ற பண்டமாற்றையும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் ரிசார்ட்டுகளுக்கு இது பழகிய நடைமுறை: இரண்டு இரவு தங்கல், இரண்டு வேளை உணவு, பதிலுக்கு ஒரு ரீல்ஸ். இதற்கும் சட்டம் இருப்பது இதில் இறங்கும் இளைஞர் பலருக்குத் தெரிவதில்லை. இலவசத் தங்கலும் ஒரு பொருளாதாரத் தொடர்பு என்பதால் அதைப் பார்வையாளர்களுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவு 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தபோது, ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டும் இத்தகைய பலன்களுக்கு 10 விழுக்காடு வரிப் பிடித்தமும் வந்து சேர்ந்தது.

இந்தத் தொழிலின் தரை எவ்வளவு மெல்லியது என்பதை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் வீட்டு வாசலிலிருந்தே இரசிகர்களைச் சேர்த்தவர்களின் கணக்குகள் ஓர் அறிவிப்பில் செயலிழந்தன. தடையின் காரணம் சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆண்டுக்கணக்கில் சேர்த்த புகழை வேறொரு தளத்துக்கு எடுத்துச் செல்ல வழியில்லாத தொழில் அது என்பதே இங்கே நமக்கு வேண்டிய செய்தி. கமலியின் பட்டமும் அணியில் கிடைத்த இடமும் எந்தச் செயலி மூடினாலும் அழியாது. வேறு கைத்தொழிலோ கலையோ விளையாட்டோ கையில் உள்ளவருக்குச் சமூக வலைதளம் நல்ல துணை. அது மட்டுமே கையில் உள்ளவரோ ஒரு நிறுவனத்தின் விருப்பத்துக்குள் வாழ்கிறார்.

பெரியவர்கள் இந்தச் சூதில் இறங்குவது அவர்கள் உரிமை. பத்து வயதுப் பிள்ளையை இறக்கும்போது கேள்வியே மாறிவிடுகிறது. சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் நடிக்கும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளில் பாதுகாப்பு இருக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைப் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதியும் பெற வேண்டும். ஆனால் அப்பாவோ அம்மாவோ செல்போனில் எடுத்து, குடும்பத்தின் சேனலில் ஏற்றும்போது ‘தயாரிப்பாளர்’ யார்? பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்ற விதிவிலக்கின் நிழலில் இது ஒதுங்கிக்கொள்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வரைவு நெறிமுறைகள் சமூக வலைதளத்தையும் உள்ளே கொண்டுவர முயன்றன. பிரான்ஸ் இன்னும் தெளிவாக நடந்தது: 16 வயதுக்குட்பட்டோரின் இணைய வருமானத்தைக் காப்பு நிதியில் சேர்க்கவும், தன் காணொளிகளை நீக்கும்படி பிள்ளையே தளத்திடம் கேட்கவும் 2020 அக்டோபரில் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2024 ஜூலை முதல், காணொளியில் தோன்றும் பிள்ளைக்குப் பங்கு ஒதுக்கச் சொல்கிறது.

பெற்றோரைவிடப் பிள்ளைக்கு நல்லது நினைப்பவர் யார், அரசு வீட்டுக்குள் நுழையலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குடும்பத்தின் வறுமையையும் அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். அந்த வறுமை உண்மை. கடலில் மீன்பாடு குறைந்த நாளில் ஒரு காணொளி தரும் சில ஆயிரம் ரூபாய் பெரிய தொகை. ஆனால் சினிமாவில் நடிக்கும் பிள்ளையின் பெற்றோரும் பாசமுள்ளவர்களே, அவர்களிலும் ஏழைகள் உண்டு. ஆனாலும் அங்கே விதி வந்ததற்குக் காரணம் பெற்றோர் மீதான சந்தேகம் என்று எவரும் கொள்ளவில்லை. பிள்ளையின் நேரத்தையும் உருவத்தையும் விற்று வரும் பணத்தில் பிள்ளைக்கும் பங்குண்டு என்ற எளிய நீதிதான் அந்த விதியின் அடிப்படை. கேமரா சிறியதாகிவிட்டதால் அந்த நீதி மாறிவிடாது. சேனலை நடத்தி விளம்பர வருமானம் பெறுபவர் எவராக இருந்தாலும் அவரே தயாரிப்பாளர் என்று விதியில் ஒரு விளக்கம் சேர்த்தால், அனுமதி தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கோவளம், மாமல்லபுரம் கரையில் பிள்ளைகளை வைத்து எடுக்கப்படும் ரிசார்ட் விளம்பரக் காணொளிகளுக்கு அதைப் பொருத்திப் பார்ப்பதிலிருந்து செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் தொடங்கலாம்.