ஸ்டெல்வியோ கணவாய்

ஸ்டெல்வியோ கணவாய் என்பது வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரில், சுவிட்சர்லாந்து எல்லையருகே அமைந்துள்ள ஒரு மலைக்கணவாய் ஆகும். கடல் மட்டத்திலிருந்து இதன் உயரம் ஏறத்தாழ 2,757 மீட்டர். கிழக்கு ஆல்ப்சில் தார்ச்சாலை செல்லும் மிக உயரமான கணவாய் இதுவே.

வரலாறு

லொம்பார்டியை ஆண்ட ஆஸ்திரியப் பேரரசு, அதனைத் தனது பிற பகுதிகளுடன் இணைப்பதற்காக 1820க்கும் 1825க்கும் இடையில் இச்சாலையை அமைத்தது. பொறியாளர் கார்லோ தொனெகானி இதனை வடிவமைத்தார். வடகிழக்குச் சரிவில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குதிரை வண்டிகளும் ஏறக்கூடியவாறு ஏற்றத்தைக் குறைக்கவே சாலை இவ்வாறு வளைக்கப்பட்டது.

மோட்டார் சைக்கிள் பயணம்

கோமோ ஏரிக்கரைச் சிற்றூர்களான வரென்னா, பெல்லானோ ஆகியவற்றைக் கடந்து, ஆதா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே போர்மியோவை அடைந்து, அங்கிருந்து கணவாய்க்கு ஏறலாம். இறங்கும்போது இடைவிடாது பிரேக்கை அழுத்தினால் அது சூடேறி வலுவிழக்கும். எனவே கீழ் கியரில், எஞ்சினின் இழுவிசையால் வேகத்தைக் கட்டுப்படுத்துதல் வேண்டும். குளிர்காலத்தில் பனிப்பொழிவால் சாலை மூடப்படும்.

மறுபுறம் இறங்கி வடக்கே சென்றால் ரெசியா ஏரி உள்ளது. மின் உற்பத்திக்கான அணையால் 1950இல் கூரோன் என்னும் சிற்றூர் இதில் மூழ்கியது. அதன் 14ஆம் நூற்றாண்டுத் தேவாலய மணிக்கோபுரம் மட்டும் இன்றும் நீருக்கு மேலே நிற்கிறது.