பழைய கார் பாகங்களை அடையாளம் காணல்

பழைய கார் பாகங்களை அடையாளம் காணல் என்பது, கொட்டகைகளிலும் பழைய பட்டறைகளிலும் கிடைக்கும் பெயர் தெரியாத ஒரு பாகம் எந்த வண்டிக்கும் எந்தக் காலத்துக்கும் உரியது என்று கண்டறியும் முறையாகும். பாகத்தின் மேலுள்ள எண்கள், மரை, உலோகம், தேய்மானம் ஆகியவை இதற்குச் சான்றுகளாகப் பயன்படுகின்றன. பழைய கார்களைச் செப்பனிடுவோருக்கு இது இன்றியமையாத வேலை. பல கார்களுக்குப் புதிய பாகங்கள் இப்போது தயாராவதில்லை. அடையாளம் தெரியாமல் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போன பாகம் திரும்பக் கிடைப்பது அரிது. தவறாக அடையாளம் கண்டு பொருத்தினால் விபத்தும் நேரலாம்.

பாகத்தின் மேலுள்ள பெயர்

பாகத்தில் பொறித்திருக்கும் பெயரைக் காரின் பெயர் என்று எடுத்துக்கொள்வதே பலரும் செய்யும் முதல் தவறு. லூகாஸ், பாஷ், எஸ்யூ, சோலெக்ஸ், ஜெனித் ஆகியவை கார்களின் பெயர்கள் அல்ல. அவை மின்கருவிகளையும் கார்புரேட்டர்களையும் செய்து பல கார் நிறுவனங்களுக்கு விற்றவர்களின் பெயர்கள். ஒரே வகை எஸ்யூ கார்புரேட்டர் மோரிஸ், எம்ஜி, ஜாகுவார் கார்களில் வெவ்வேறு அமைப்புகளுடன் இருந்தது. ஆகவே பெயர், தேடலைத் தொடங்க உதவுமே தவிர விடையைத் தந்துவிடாது.

துடைப்பதற்கு முன்

துருவையும் மசகையும் கம்பித் தூரிகையால் தேய்ப்பதற்கு முன், பாகத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உளியால் அடித்த மெல்லிய எண்கள், வண்ணத்தின் எச்சம், மெல்லிய அலுமினியத் தகடு ஆகியவை கடும் தேய்ப்பில் அழிந்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் துடைப்பது நல்லது. தேய்மானமும் ஒரு சான்றுதான். எந்தப் பரப்பு பளபளக்கிறதோ அங்கே வேறொரு பாகம் உரசியிருக்கிறது. அதிலிருந்து பாகம் சுழன்றதா, நகர்ந்ததா, அசையாமல் இருந்ததா என்பது தெரியும்.

எண்களைப் படித்தல்

வார்ப்பில் புடைத்து நிற்கும் எண் வார்ப்பு எண். அது பெரும்பாலும் பாக எண்ணாக இருப்பதில்லை. ஒரே வார்ப்பைப் பலவிதமாகக் கடைந்து பல பாகங்களாக ஆக்கியிருப்பார்கள்.

ஃபோர்டு நிறுவனத்தின் எண்களில் ஓர் ஒழுங்கு உண்டு. முன்னொட்டு மாதிரியைக் குறிக்கும்: 'ஏ' என்றால் மாடல் ஏ, '18' என்றால் 1932-ஆம் ஆண்டின் வி8, '48' என்றால் 1935. நடுவிலுள்ள அடிப்படை எண் பாகத்தின் வகையைச் சொல்லும். 9510 என்பது கார்புரேட்டரைக் குறிக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்புகள் பலவற்றில் மாதத்தை ஆங்கில எழுத்து வரிசையில் குறித்தனர். 'சி 14 7' என்றால் மார்ச் 14, ஏழில் முடியும் ஓர் ஆண்டு. அது 1937-ஆ, 1947-ஆ, 1957-ஆ என்பதை எண் சொல்லாது. பத்தாண்டை வேறு சான்றுகளால் முடிவு செய்ய வேண்டும்.

மேக்னெட்டோவில் இருந்து வெளியேறும் தீப்பொறிக் கம்பிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் எஞ்சினின் சிலிண்டர் எண்ணிக்கையாகும். பாஷ் 'டியூ4' என்பதிலுள்ள 4 அதையே குறிக்கிறது. ஒரே கம்பி உள்ள மேக்னெட்டோ காருடையதாக இருப்பது அரிது. அது மோட்டார் சைக்கிளுக்கோ தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கோ உரியதாக இருக்கலாம்.

மரையும் அளவும்

எண் ஏதும் இல்லாத பாகத்தில் மரையே சிறந்த சான்று. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த பிரித்தானிய மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் அது 60 பாகை. கால் அங்குல விட்வொர்த் போல்ட்டிலும் கால் அங்குல யூஎன்சி போல்ட்டிலும் அங்குலத்துக்கு 20 மரைகள் உண்டு. எனவே ஒன்றின் நட்டு மற்றொன்றில் ஏறிவிடும், இறுகியது போலவும் தோன்றும். ஆனால் கோணம் வேறு என்பதால் பிடிப்பு முழுமையாக இராது. பிரேக்கிலோ ஸ்டீயரிங்கிலோ இந்தத் தவறு உயிருக்கே ஆபத்தானது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், மரை கேஜ் வைத்தே பார்க்க வேண்டும்.

மரையிலும் விதிவிலக்குகள் உண்டு. வில்லியம் மோரிஸ் 1923-இல் கோவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தொழிற்சாலையை வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை. அதனால் மோரிஸ் எஞ்சின்களில் மரை மெட்ரிக்காகவும், போல்ட்டின் தலை விட்வொர்த் ஸ்பேனருக்கு ஏற்றதாகவும் அமைந்தன. இந்த வழக்கம் 1950-கள் வரை நீடித்தது. 'மெட்ரிக் மரை, ஆகவே ஐரோப்பியக் கார்' என்று முடிவு செய்பவர் இங்கே ஏமாந்துவிடுவார்.

உலோகமும் காலமும்

பித்தளை விளக்குகளும் ரேடியேட்டர்களும் பொதுவாக முதல் உலகப் போருக்கு முந்தைய காலத்தைக் காட்டும். ஃபோர்டு மாடல் டி காரில் பித்தளை ரேடியேட்டர் 1916 வரை இருந்தது. இரு அறைகள் கொண்ட பித்தளைக் கலம், மேலே சொட்டு நீர்த் திருகு, பக்கத்தில் ரப்பர் குழாய் மாட்டும் மூக்கு ஆகியவை இருந்தால், அது கால்சியம் கார்பைடின் மேல் நீர் சொட்டவைத்து அசிட்டிலீன் வாயுவை உண்டாக்கி முன்விளக்குகளை எரித்த கருவியாக இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

பல கொட்டகைகளில் கிடைக்கும் ஒரு பொருள், உள்ளங்கையில் அடங்கும் மரப்பெட்டி. மூலைகள் பல் கோத்து இணைக்கப்பட்டிருக்கும், வெளியே பித்தளைக் குமிழ்கள் இருக்கும், மேலே அதிரும் எஃகுத் தகடு ஒன்று இருக்கும். வானொலிப் பாகம் என்று நினைத்து ஒதுக்கப்படும் இது உண்மையில் தீப்பொறிச் சுருள். மாடல் டி காரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக நான்கு இருந்தன. ஃப்ளைவீலில் பொருத்திய 16 காந்தங்கள் உண்டாக்கிய குறைந்த மின்னழுத்தத்தை இவை தீப்பொறிக்குத் தேவையான உயர் அழுத்தமாக மாற்றின. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மாடல் டி கார்கள் தயாரானதால் இவை இன்றும் கிடைக்கின்றன. ஆனால் ஃபோர்ட்சன் டிராக்டரிலும் இதே வகைச் சுருள்கள் பயன்பட்டன. ஆகவே சுருளை மட்டும் வைத்துக் காரை உறுதி செய்ய இயலாது. அதனுடன் கிடைத்த மற்ற பொருள்களையும் பார்க்க வேண்டும்.

இந்தியச் சூழல்

அம்பாசடர் கார் மூன்றாம் வரிசை மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்டு 2014 வரை தயாரிக்கப்பட்டது. அதனால் 1950-களின் பிரித்தானியப் பாகம் போலத் தோன்றுவது பல பத்தாண்டுகள் கழித்து இந்தியாவில் செய்ததாக இருக்கலாம். சென்னையில் பூட்டப்பட்ட ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் எஞ்சின் வகையே ஃபெர்குசன் டிராக்டரிலும், ட்ரையம்ஃப் டிஆர்2 காரிலும் இருந்தது. சிலிண்டர் விட்டம் வேன்கார்டில் 85 மி.மீ., டிஆர்2-இல் 83 மி.மீ. வெர்னியரால் அளந்தால்தான் இந்த வேறுபாடு தெரியும்.

பாதுகாப்பு

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தகடு, கேஸ்கெட் ஆகியவற்றில் கல்நார் இருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. இவற்றைத் தேய்க்கவோ காற்றால் ஊதவோ கூடாது. காலியான பெட்ரோல் தொட்டியிலும் எரியும் ஆவி தங்கியிருக்கும். அதன் அருகில் தீயோ வெல்டிங் வேலையோ கூடாது.

எண், மரை, அளவு, உலோகம் என்பவற்றில் குறைந்தது இரண்டாவது ஒரே விடையைத் தரும் வரை, பாகத்தில் 'தெரியவில்லை' என்ற சீட்டைக் கட்டி, கிடைத்த இடத்தையும் குறித்து வைப்பதே நல்ல முறை.