தொப்பூரைப் பகலில் கடக்க மேப்ஸ் காட்டும் வழி

பெங்களூரு நெரிசலுக்குப் பயந்து இரவு 8 மணிக்குத்தான் காரில் சேலம் கிளம்புவேன். ஓசூர் வரை நிம்மதி. ஆனால் தர்மபுரி தாண்டியதும், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கும்மிருட்டில் சரக்கு லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வேன். 2020 டிசம்பரில் லாரி மோதி நால்வர் இறந்த பாதை அது.

இப்போது கணக்கைத் தொப்பூரிலிருந்து தொடங்குகிறேன். நீங்களும் கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸைத் திறந்து, 'டைரக்‌ஷன்ஸ்' கிளிக் செய்து, போகுமிடமாகத் தொப்பூரைக் கொடுங்கள். 'லீவ் நவ்' மெனுவில் 'அரைவ் பை' தேர்ந்தெடுத்து, பயண நாளையும் காலை 8 மணியையும் குறிப்பிடுங்கள். எப்போது கிளம்ப வேண்டும் என்பது திரையில் தோன்றும். அது விடியற்காலை என்பதால் நகர நெரிசலும் இராது. இது மதிப்பீடுதான், அரை மணி முன்னதாகவே கிளம்புங்கள். இறக்கத்தில் குறைந்த கியரில் மெதுவாகச் செல்வது உங்கள் பொறுப்பு!