ஒரு நிறுவனத்துக்கு ஒரு வாக்கு: சில்லு உற்பத்தியாளர் சங்கத்தில் குழுக்கள் இயங்கும் விதம்

வணிகப் பெருமக்களில் பலர் இன்று கணினியில்தான் பில் போடுகிறோம். கீழ்புத்துப்பட்டில் உள்ள சிறு மளிகைக் கடையானாலும், மரக்காணத்து மொத்தக் கடையானாலும், கணினி மந்தமாகிவிட்டால் பழுது பார்ப்பவர் புதுச்சேரியிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ ஒரு மெமரி அட்டை வாங்கி வந்து பொருத்துகிறார். அது சாம்சங்காக இருக்கலாம். ஹைனிக்ஸ், மைக்ரானாகவும் இருக்கலாம். ஒரே ரகமானால் எல்லாம் அதே இடத்தில் சரியாக உட்காருகின்றன. சந்தையில் ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்க்கும் போட்டியாளர்களின் சரக்கு எப்படி ஒரே அளவில் வருகிறது?

நாம் விற்கும் உப்புக்கு அளவு வைத்தது அரசாங்கம். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்ற தடை 2006-இல் வந்தது. கடை உப்பில் பத்து லட்சம் பங்குக்கு 15 பங்காவது அயோடின் இருந்தாக வேண்டும். உப்பளக்காரர் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் அது சட்டம். மெமரி அட்டைக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. போட்டியாளர்களே கூடிப் பேசி ஒப்புக்கொண்ட அளவுதான் அது.

அவர்கள் கூடும் இடம் 'ஜெடெக்' என்ற சங்கம். 1958-இல் அமெரிக்காவில் அந்தப் பெயரைப் பெற்றது; இன்று பல நாட்டு நிறுவனங்கள் அதில் உறுப்பினர்கள். (பெங்களூரிலும் இத்துறைக்கு ஒரு சங்கம் உண்டு. 2012-இல் இந்திய எலக்ட்ரானிக்ஸ் மற்றும் செமிகண்டக்டர் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வரிக்காக நாம் மனுக் கொடுப்பதைப் போல அரசிடம் தொழிலின் தேவைகளைச் சொல்வது அதன் முக்கியப் பணி.) ஜெடெக்கில் வேலை நடப்பது குழுக்களில். குழுவுக்கு எண் உண்டு. 42-ஆம் குழு மெமரி சில்லுகளுக்கு, 45 அட்டைகளுக்கு, 14 தரத்துக்கு, 11 உருவ அளவுகளுக்கு. ஒவ்வொன்றின் கீழும் துணைக் குழுக்கள். தலைவராக உட்காருபவரும் உறுப்பினர் நிறுவனத்து ஆள்தான்.

பெரிய ஆலை வைத்திருப்பவருக்கும் சிறு நிறுவனத்துக்கும் குழுவில் ஒரே ஒரு வாக்கு. ஆலோசனையை எழுத்தில் வைத்து வாக்குச்சீட்டு அனுப்புகிறார்கள். மறுப்பவர் காரணம் சொன்னால் குழு அதை எடுத்துப் பரிசீலிக்க வேண்டும். குழு தேறினாலும் நிர்வாக சபையின் வாக்கெடுப்பு இன்னொன்று உண்டு. டி.டி.ஆர்.4 ரகத்தின் விதிகள் 2012-லும், டி.டி.ஆர்.5 விதிகள் 2020-லும் இப்படித்தான் வெளிவந்தன. இரண்டுக்கும் 288 முனைகள். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாதபடி நடுவில் உள்ள வெட்டு தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அவசரத்தில் மாற்றிப் பொருத்திக் கணினியைக் கெடுத்துவிடக் கூடாதே!

இவர்கள் அளவைப் பேசலாம். விலையைப் பேசக் கூடாது. குழுவுக்கு வெளியே சிலர் விலையையும் பேசி வைத்தார்கள். அமெரிக்காவில் வழக்கு வந்து, 2005-இல் சாம்சங் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய சோதனை ராம்பஸ் என்ற நிறுவனத்தால் வந்தது. சங்கத்தில் கூடி ஒரு சாக்கு அளவை முடிவு செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்த ஒருவர், ஊரெல்லாம் அந்தச் சாக்கு பரவிய பிறகு, "இந்த அளவு என் காப்புரிமை, சாக்குக்கு இவ்வளவு கொடு" என்று வந்தால் எப்படி இருக்கும்? 1992 முதல் 1996 வரை 42-ஆம் குழுவின் கூட்டங்களில் உட்கார்ந்திருந்த ராம்பஸ், விலகிய பிறகு, 2000-இல் சில்லு உற்பத்தியாளர்கள் மீது காப்புரிமை வழக்குகளில் இறங்கியது. ஏமாற்றிவிட்டது என்று எதிர்த்தரப்பு கூறியது. 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ராம்பஸ் பக்கம் நின்றது. எதை, எப்போது வெளியிட வேண்டும் என்று சங்கத்தின் விதியே தெளிவாக எழுதப்படவில்லை என்றது. 2006-இல் அமெரிக்க வணிக ஆணையம் ராம்பஸுக்கு எதிராகத் தீர்ப்புக் கூறியது. 2008-இல் அதுவும் மேல்முறையீட்டில் தள்ளுபடியானது. நம்பிக்கையில் விட்டிருந்த ஒரு விதி இத்தனை ஆண்டு நீதிமன்றப் படிகளை ஏற வைத்தது.

இப்போது அந்த விதி விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. தன் காப்புரிமை குறுக்கே வரும் என்று தெரிந்த உறுப்பினர் அதைக் குழுவில் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பாரபட்சமின்றி நியாயமான நிபந்தனையில் உரிமம் தருவதாக உறுதியளிக்க வேண்டும். கூட்டம் தொடங்கும்போதே தலைவர் இந்த விதியை உறுப்பினர்களுக்கு நினைவூட்டிவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போகிறார்.