ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்

ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரத்தில் வீடுகளில் நடப்பது நமக்குத் தெரியும். ஒட்டடை அடிப்பது, பரணில் கிடப்பதை இறக்குவது, ஃபேன் துடைப்பது, பாத்ரூம் தேய்ப்பது என்று வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் இரண்டே நாளில் முடிய வேண்டும். அதுவும் பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில்தான் விழுகிறது. மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இரண்டுமே வீட்டு வேலையில் கைவைக்கிறவர்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி.

இப்படி ஓய்ந்துபோன நிலையில் பாத்ரூமுக்குள் போகும்போதுதான் விபரீதம் நடக்கிறது. பீங்கானைச் சுற்றி மஞ்சள் கறை. ஆசிட் ஊற்றித் தேய்த்தாயிற்று, போகவில்லை. பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கறை சீக்கிரம் போகும் என்று அதன் மேலேயே தூவுகிறார்கள். சில நொடிகளில் நுரை பொங்கும். நெடி மூக்கில் ஏறும். தொண்டையை யாரோ பிடித்து அழுத்துவதுபோல் இருமல் வரும்.

அந்த நெடிதான் குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் ராணுவம் எதிரிகள் மீது திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். பிளீச்சிங் பவுடரில் இருப்பது ஹைப்போகுளோரைட். டாய்லெட் கிளீனர்கள் பலவற்றிலும், தள்ளுவண்டியில் விற்கிற ஆசிட்டிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் தொட்ட மாத்திரத்தில் குளோரின் கிளம்பும். அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது, ஆகவே தரையோரமாகவே தங்கும். நாம் தேய்ப்பதோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தை அந்த உயரத்தில் வைத்துக்கொண்டு. நெடி வீட்டுக்குள் வரக்கூடாதென்று கதவையும் சாத்திக்கொள்கிறோம். காற்றுக்கு இருப்பது மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர் மட்டும்.

நெடி வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று திரும்ப உள்ளே போகக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் நிமிர்ந்து உட்காருங்கள். சின்னக் குழந்தைகளைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். கண் எரிந்தால் ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். இருமல் நின்றுவிட்டதே என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. அதிகமாகச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். மூச்சு வாங்கினாலும், நெஞ்சு இறுகினாலும், ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். எதையும் எதையும் கலந்தோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவம் பிளீச்சோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான் வரும். வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அமிலங்கள்தாம். வீட்டுப் பொருள்தானே என்று அவற்றைப் பிளீச்சோடு கலப்பதும் ஆபத்து. பிளீச்சைத் தண்ணீரில் மட்டுமே கரைக்க வேண்டும். அதையும் சோப்புப் போட்டு அழுக்கை எடுத்து, நன்றாக அலசிய பிறகே ஊற்ற வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கோடேயே தீர்ந்துவிடும்.

அன்றாட அழுக்குக்கு சோப்புத்தூளும் தண்ணீரும் போதும் என்பதே என் உறுதியான கருத்து. நாம் கொடுக்கத் தவறுவது ஊறும் நேரம். அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்கில் வெந்நீரில் கரைத்த பாத்திர சோப்பை ஊற்றி 10 நிமிடம் விட்டால், பாதி வேலையை அதுவே செய்துவிடும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு உப்பு. வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் கழன்றுவரும். மொசைக், மார்பிள் தரையில் மட்டும் எந்த அமிலமும் படக் கூடாது, பளபளப்பு அரித்துப்போகும். வாரம் ஒரு மூலை என்று பிரித்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற எல்லோரும் ஆளுக்கொன்றாக எடுத்துச் செய்தால் பண்டிகைக்கு முன்னால் ஒருவரே மாரடிக்க வேண்டியதில்லை. ஆண்கள் இதை உதவியாக எண்ணாமல் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தெருவில் கூவி விற்கிற ஆசிட்டுக்கு வருவோம். பழைய தண்ணீர் பாட்டிலில், லேபிள் எதுவும் இல்லாமல் தருகிறார்கள். தாகத்தில் ஓடிவரும் குழந்தைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும். ஆசிட் வீச்சுக்கு ஆளான லக்ஷ்மி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரும் காரணமும் பதிவேட்டில் எழுத வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கவே கூடாது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆசிட் வீச்சைத் தடுக்க வந்த உத்தரவு இது.

ஆசிட்டை யாராவது தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் உள்ளே போகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது இன்னொரு முறை உணவுக்குழாயைப் பொசுக்கும். வாயைக் கொப்பளிக்க வைத்து, அந்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

பாக்கெட்டில் வரும் பொருளென்றால் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், விலை, அளவு எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முக்கியமான ஒரு விஷயம் உண்டு: சரியான பயன்பாட்டு முறையையோ எச்சரிக்கையையோ போதுமான அளவு அச்சிடாததால் பாதிப்பு ஏற்பட்டால், தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பில்லையும் பாட்டிலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நம்முடைய களைப்பைக் குறைக்க இன்னொருவர் உயிரைப் பணயம் வைப்பதும் நடக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் ஆசிட் பாட்டிலைக் கொடுத்து, வெறுங்கையால் தேய்க்கச் சொல்கிற வீடுகள் உண்டு. கையுறை வாங்கிக் கொடுப்பது நம் கடமை. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்தவர்களுக்கு விபத்து நிதி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி போன்றவை கிடைக்கும். அவர் பதிந்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் கூடவே போய்ப் பதிந்து கொடுங்கள்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமையானது. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கும். அது அதிக அளவில் இருந்தால் மூக்கு அந்த நாற்றத்தை உணரும் சக்தியையே இழந்துவிடும். இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் விழுவார். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஒருவரை உள்ளே இறக்கினால் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்த வீட்டுத் தொட்டிதானே என்ற சாக்கு அங்கே செல்லாது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது.

தொட்டி நிறைந்துவிட்டால் 14420 என்ற எண்ணில் அழைத்து, உரிமம் பெற்ற லாரியை வரவழைத்து மோட்டார் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். லாரியோடு வருபவர் பழக்கதோஷத்தில் உள்ளே இறங்கப் பார்த்தாலும், “வேண்டாம் அண்ணே, இறங்காதீங்க” என்று நீங்கள்தான் தடுக்க வேண்டும்.